மாமல்லபுரத்தில் ஒரு மார்கழி மாலை

"பனியிலே குழந்தையைத் தூக்கிண்டு எங்கே போறே?" என்று மாமியார் தடுத்தே இருபது மார்கழிகள் ஓடிவிட்டன. போன வருஷம் அவரே, "கால் நடக்கிறப்பவே ஒரு தரம் நாட்டிய விழா பார்த்துடணும்" என்றார்!

சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர்தான். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியிலும் நடக்கும். விடுமுறைக் கூட்டம் அதிகம்; அறையை முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். சனிக்கிழமை புளியோதரையுடன் கிளம்பினோம். பகலில் அர்ஜுனன் தபசு. அங்கே தவம் செய்யும் பூனையைக் கண்டு மாமியாருக்கு ஒரே சிரிப்பு. நாட்டியம் மாலையில், திறந்தவெளியில். கம்பளி, மப்ளர், பிளாஸ்கில் சுக்குக் காப்பி அவசியம்.

சலங்கை ஒலித்ததும் மாமியார் என் கையைப் பற்றினார். "உன்னை இத்தனை வருஷம் கட்டிப் போட்டுட்டேனே!"

பதில் சொல்லவில்லை. மப்ளரை அவர் காதோடு இழுத்துக் கட்டினேன்.