ஓடுபாதைக் காவல்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், நீலகிரியின் அடிவாரத்தை நெருங்கும் இடத்தில் காரமடை அமைந்துள்ளது. அரங்கநாதர் கோயிலால் பெயர் பெற்ற அவ்வூரைச் சுற்றி வாழையும் கறிவேப்பிலையும் செழிக்கும் தோட்டங்கள் பல உண்டு. கதிரவன் மறைந்ததும் மலைக்காட்டிலிருந்து காட்டுப்பன்றிகள் அத்தோட்டங்களை நோக்கி இறங்குகின்றன. ஆதலின், பகலெல்லாம் உழைத்த உழவர் இரவிலும் கண் விழித்துக் காவல் காக்க நேர்கிறது. பன்றியின் இயல்பை அவர்கள் நன்கு அறிவர். அது பெரும்பாலும் கூட்டமாகவே வரும். பழகிய தடத்தை எளிதில் விடாது. வேலி வலுவாக இருந்தால் அதன் அடியில் மண்ணைப் பறித்து நுழையும்.

தோட்டத்திற்கு வரும் இவ்விடர் விமானத்தளத்திற்கும் வரக்கூடும். மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் நகருக்கு அருகே டும்னா என்னுமிடத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. அதன் அண்டையில் காடு உண்டு. 2015 டிசம்பர் 4 அன்று இரவு, மும்பையிலிருந்து 49 பயணிகளுடன் வந்த விமானம் ஒன்று அங்கே தரையிறங்கியது. சக்கரங்கள் ஓடுபாதையில் உருண்டுகொண்டிருந்த வேளையில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று குறுக்கிட்டது. மோதிய வேகத்தில் விமானத்தின் இடப்புறச் சக்கரத் தாங்கி முறிந்தது. விமானம் பாதையை விட்டு விலகிச் சாய்ந்து நின்றது. பயணிகள் அனைவரும் உயிர் பிழைத்தனர். அதற்கு முந்திய ஆண்டில், 2014 நவம்பர் 6 அன்று மாலை, சூரத்தில் புறப்படுவதற்காக விரைந்துகொண்டிருந்த விமானத்தின்மீது எருமை ஒன்று மோதி மாண்டது. விமானத்தின் எந்திரம் பழுதுற்றது, புறப்பாடு நிறுத்தப்பட்டது.

ஓடுபாதையில் விளக்குகள் இல்லையா என்று வினவலாம். விளக்குகள் உண்டு. ஆனால், அவை பாதையின் ஓரங்களைக் காட்டுவதற்காக அமைந்தவை. இரு வரிசைகளுக்கு நடுவே இருள் நிறைந்திருக்கும். விமானி தம் விமானத்தின் முன்விளக்கையே நம்ப வேண்டும். நால்வர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். 100 மீட்டர் தொலைவில் ஒரு விலங்கு கண்ணிற்பட்டால், விமானிக்குக் கிட்டும் காலம் நான்கு நொடிக்கும் குறைவே. அதற்குள் நிறுத்த முடியாது. திருப்பினால் கவிழவும் கூடும். சிறு விமானத்தின் முன்சக்கரம் மெலிந்தது; பன்றியின் உடலோ பாறையை ஒத்தது. பேருந்துக்குச் சிறு அதிர்ச்சியாக முடியும் மோதல், சிறு விமானத்திற்குப் பேரிடராக முடியும்.

விலங்குகள் அங்கே வருவதற்குக் காரணம் யாது? பகலில் வெயில் காய்ந்த ஓடுபாதை இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். அவ்வெப்பத்தை நாடிப் பாம்பு முதலியன வந்து கிடக்கும். விளக்கொளியை நாடிப் பூச்சிகள் மொய்க்கும். பூச்சிகளை உண்ணத் தவளைகள் வரும். தவளைகளையும் எலிகளையும் தேடி ஆந்தையும் நரியும் வரும். ஓரங்களில் புல் உயர்ந்தால் முயல் மறைந்து வாழும். பள்ளங்களில் நீர் தேங்கினால் பன்றிகள் சேற்றில் புரளும். எனவே, விலங்கை அழைக்கும் விருந்தை மனிதனே பரப்பி வைக்கிறான் எனலாம்.

அவற்றைக் கொன்றுவிட்டால் தொல்லை தீராதோ எனச் சிலர் கேட்பர். தீராது. விருந்து உள்ளவரை ஒரு கூட்டம் போனால் மறு கூட்டம் வரும். மேலும், கொங்கு நாட்டுத் தோட்டங்களில் திரியும் மயிலை எண்ணிப் பாருங்கள். 1963ஆம் ஆண்டில் அது தேசியப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. அந்திப் பொழுதில் ஓடுபாதையைக் கடக்கும் மயிலும் விமானத்திற்கு இடரே. எனினும், அதனைக் கொல்லல் முறையன்று. வாராமற் செய்தலே முறை.

அதற்கு வழிகள் உண்டு. வேலியின் அடிப்பகுதியை மண்ணுக்குள் ஆழப் புதைத்தால் பன்றி பறித்து நுழைவது அரிது. புல்லை அளவாக வெட்ட வேண்டும். பள்ளங்களைத் தூர்க்க வேண்டும். இரவில் விமானம் இறங்குமுன் ஊர்தியில் சென்று ஓடுபாதை முழுவதையும் பார்வையிட வேண்டும். காவலர் இல்லாத சிறு தளங்களில், விமானி ஒருமுறை பாதையின் மேல் தாழப் பறந்து, ஒலியால் விலங்குகளை விரட்டிய பின்னரே இறங்குவதும் உண்டு.

ஊராருக்கும் இதில் பங்கு உண்டு. விமான நிலையத்தைச் சூழ்ந்த 10 கிலோமீட்டர் எல்லைக்குள், பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்குமாறு குப்பை கொட்டுவதை இந்திய வானூர்தி விதிகள் தடுக்கின்றன. பீளமேட்டு விமான நிலையத்தின் அருகே ஒருவர் வீசும் இறைச்சிக் கழிவு, பருந்தையும் நாயையும் பன்றியையும் ஒருங்கே அழைக்கும். அதன் விளைவை வானில் வரும் அயலார் துய்க்க நேரிடும்.

காரமடை உழவர் விழித்திருந்து காப்பது ஒரு பருவத்தின் விளைச்சல். ஓடுபாதைக் காவலர் காப்பதோ, இருளில் ஒளிப்புள்ளிகளை நம்பி இறங்கும் மனிதர்களின் உயிர். இரு காவலுக்கும் அடிப்படை ஒன்றே: விலங்கு வந்தபின் விரட்டுவதினும், அது வருவதற்குரிய காரணத்தை முன்னரே நீக்குதல் சிறந்தது.