நாலு கோடும் ஒரு வலது கையும்

பேஸ் கிட்டார் கத்துக்க ஆசை, ஆனா நோட்டேஷன் படிக்கத் தெரியாதா? எனக்கும் தெரியாது. டேப்லேச்சர் போதும். நாலு கம்பிக்கு நாலு கோடு. கீழ்க்கோடு தடிமனான ஈ கம்பி. கோட்டின் மேல் உள்ள எண், எந்த ஃப்ரெட்டில் விரல் வைக்கணும்னு சொல்லும். 0 என்றால் விரல் வைக்காமலே மீட்டணும்.

முதல் பாட்டா ரமோன்ஸ் குழுவின் 'பிளிட்ஸ்கிரீக் பாப்' (1976) எடுத்துக்கோங்க. ஈ கம்பியில் 5, ஏ கம்பியில் 5, 7. பெரும்பாலும் இந்த மூணு இடம்தான். இடது கைக்கு ஒரு சாயங்காலம் போதும்.

கஷ்டம் வலது கைக்குத்தான். டீ டீ ரமோன் பிக்கை மேலிருந்து கீழாகவே அடிப்பார். பீட்டுக்கு ரெண்டு அடி, நிமிஷத்துக்கு முந்நூறுக்கு மேல். டேப்பில் அது வெறும் 5-5-5-5. வேகம், அழுத்தம் எதுவும் அதில் தெரியாது. முதல் வாரம் அரை நிமிஷத்திலேயே எனக்கு முன்கை இறுகிடும். மெட்ரோனோமை 100-ல் வச்சு, வாரத்துக்குப் பத்துப் பத்தா ஏத்தினேன். பாட்டோட முழு வேகத்தைத் தொட ரெண்டு மாசம் ஆச்சு. பாட்டு மொத்தமே ரெண்டேகால் நிமிஷத்துக்குள்ளதான்!

அதனால விரல் இடம் மனப்பாடம் ஆனதும் டேப்பை மூடிடுங்க. ஹெட்ஃபோன் மாட்டி, ட்ரம்ஸை மட்டும் கவனிச்சு வாசிங்க. கை வலிச்சா நிறுத்திட்டு, நாளைக்கு மறுபடி எடுங்க.