செம்பூரிலிருந்து சூளை வரை

விடுமுறை விட்டால் செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் கார்கள் லோனாவாலா, மகாபலேஷ்வர் என்று கிழக்கே பறக்கும். மேற்கே திரும்பினால் சில கிலோமீட்டரிலேயே வேறொரு சுற்றுலா காத்திருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது மலையை அல்ல, மனிதர்களின் விரல்களை.

முதல் நிறுத்தம் மாட்டுங்கா. கோயிலையொட்டிய கடைகளில் மல்லிகைச் சரம் பேச்சு நிற்காமலே நீள்கிறது. வீட்டில் கோலமும் பூக்கட்டலும் பொழுதுபோக்கு. இங்கே அதுவே பிழைப்பு.

அடுத்தது தாராவி. தோல் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். பதனிடுதல் பெரும்பாலும் வெளியேறிவிட்டாலும் பைகளும் பெல்ட்டுகளும் இன்றும் தயாராகின்றன. 90 அடி சாலையருகே கும்பர்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு இது. பல வீடுகளில் முன்பகுதி பட்டறை, பின்பகுதியும் மேல்தளமும் வீடு. முற்றத்துச் சூளை பொதுச் சொத்து. எரிபொருள் பெரும்பாலும் பஞ்சுக் கழிவு. ஆண்கள் வனைய, பெண்கள் அகல்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்.

புகையால் இருமல் உண்டு, இடநெருக்கடியும் உண்டு. மாற்றம் வேண்டாமென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தாராவி சீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றபின் கேள்வி கூர்மையாகிவிட்டது. அடுக்குமாடியில் குயவருக்கு வீடு தரலாம். சூளையை எந்த மாடியில் வைப்பது? பானை காய முற்றம் ஏது?

குழந்தைகளை அழைத்துச் செல்ல ஏற்ற நேரம் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். வழியெல்லாம் அகல்கள் காயும். பார்த்து நடக்க வேண்டும். பேரம் பேசாமல் ஒரு டஜன் வாங்கி வாருங்கள்.