பெயிண்டுக்குள் மறைத்த விரிசல்

என் வீட்டு ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தார். அதில் விரிசல் இருந்தது எனக்கு முன்பே தெரியும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள எங்கள் பழைய வீட்டில் தாழ்வாரத்து ஓடுகள் பறந்துவிட்டன. ஊர் முழுக்க அதே கதி. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது.

என்னிடம் இருந்தது மர ஏணி. சட்டத்தில் துளை போட்டுப் படியைச் செருகி ஆப்பு வைத்தால்தான் உறுதி. கூலி மிச்சமாகும் என்று, படிகளை மேலேயே வைத்து ஆணி அடிக்கச் சொன்னவன் நான். உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடித்தன. ஆணி இறங்கிய இடத்தில் ஒரு படி கீறல் விட்டது. அந்தப் பொங்கலுக்கு ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை பெயிண்ட் இருந்தது. கீறலில் பட்டி வைத்துத் தேய்த்து, அதை இரண்டு கோட் அடித்தேன். ஏணி புதிதுபோல் ஆயிற்று.

ஓடு மாற்ற வந்தவர் கீழ்ப்படியில் ஏறி நின்று பார்த்தார். “ஏணி நல்லா இருக்கா சார்?” என்றார். “நல்லா இருக்கு, ஏறுங்க” என்றேன். ஓடுகளைச் சுமந்து ஏறும்போது படி முறிந்தது. முற்றத்துக் கருங்கல்லில் விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்தது.

வைத்தியச் செலவு முழுவதும் கொடுத்தேன். அவர் வீட்டார் அதைப் பெருந்தன்மை என்றார்கள், மறுக்கவில்லை. “பாரத்தோட ஏறும்போது பார்த்து ஏறணும்மா” என்று அவர் மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

மர ஏணிக்கு பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது கட்டட வேலையில் பழைய விதி. எண்ணெய் பூசலாம், நிறமில்லாத வார்னிஷ் அடிக்கலாம். ரேகையும் கணுவும் கீறலும் ஏறுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் காரணம். ஏணிகளுக்கென்றே ஐ.எஸ். 3696 தரநிலையின் இரண்டாம் பகுதி இருக்கிறது. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கீறல் விட்ட படியில் ஆளை ஏற்றக் கூடாது என்று அறியப் புத்தகம் வேண்டாம்.

அண்மையில் அவரைத் தேடிப்போய் உள்ளதைச் சொன்னேன். தன் கவனக்குறைவால் விழுந்ததாகவே நம்பி, கூரை வேலையையே விட்டிருந்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

உங்கள் வீட்டு ஏணியில் ஒரு படி கீறியிருந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் ஏணியையே அறுத்துப் போடுங்கள். ஏறப்போகிறவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.