சிக்னல் நின்றால் மதகு என்ன செய்யும்?

பாடசாலைக் கண்காட்சிக்கு எங்கட தரம் 11 பிள்ளைகள் மூன்று பேர் ரிமோட்டில் திறக்கும் மதகு ஒன்றின் மாதிரி செய்கிறார்கள். வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் சின்னக் கதவு. அதைத் தூக்குவது 9 கிராம் நிறையுள்ள நீல நிறச் சேர்வோ மோட்டர்.

இந்த மோட்டருக்குச் செக்கனுக்கு 50 தடவை ஒரு துடிப்பு போக வேண்டும். துடிப்பின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் என்றால் ஒரு பக்கம் திரும்பும், 2 என்றால் மற்றப் பக்கம், 1.5 என்றால் நடு. நேரம்தான் கட்டளை.

வானொலி இணைப்புக்கு 433 மெகாஹேர்ட்ஸ் மொடியூல் சோடி ஒன்று. அன்டெனாவுக்கு எவ்வளவு வயர் வெட்டுவது என்று கேட்டார்கள். வேகம் = மீடிறன் × அலைநீளம் என்று கடந்தகால வினாத்தாள்களில் எத்தனை தடவை எழுதியிருப்பார்கள்! கணக்குப் பார்த்தால் அலைநீளம் 69 சென்ரிமீற்றர் சொச்சம், அதில் காற்பங்கு 17.3. அடிமட்டம் வைத்து வெட்டினார்கள். அந்தச் சமன்பாடு இனி மறக்காது.

அடுத்தது, புரோகிராம் கம்பைல் ஆகவே மறுத்தது. வேர்ச்சுவல்வயர் லைப்ரரியும் சேர்வோ லைப்ரரியும் அர்டுயினோ ஊனோவின் ஒரே டைமருக்கு, அதாவது டைமர் 1க்கு, அடிபடுகின்றன. சேர்வோடைமர்2 என்ற லைப்ரரிக்கு மாறினால் சரி. அதில் 90 பாகை என்று எழுதக்கூடாது, 1500 மைக்ரோசெக்கன் என்று எழுத வேண்டும். இதே இடத்தில் நிற்கும் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதவு திறந்தது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதோடு கைதட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் வாப்பாவோடு வட்டைக்குப் போய் வரும் மகன் ஒருவர் கேட்டார்: "சேர், கதவு திறந்து கிடக்கக்குள்ள ரிமோட்டுட பெற்றரி செத்தா?"

திறந்தபடியே கிடக்கும். மோட்டர் கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

"அப்ப மூடணும் சேர். இரவு முழுக்கத் தண்ணி பாஞ்சா வீசின முளை நெல்லெல்லாம் அள்ளிட்டுப் போகும்."

கூட இருந்த மகள் விடவில்லை. "பூக்கிற நேரத்துல தண்ணி நின்டா எல்லாம் பதர்தானே?"

"ஒரு நாள்ல பதராகாது. விடியப் போய்த் திறக்கலாம். அள்ளிட்டுப் போன நெல்ல என்ன செய்ற?"

நான் வாய் திறக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத இந்த வாக்குவாதம் ஒரு பாடவேளையையே சாப்பிட்டது. நல்ல சாப்பாடு.

மூடுவது என்று முடிவானது. 'திற' என்று ஒரு தடவை சொன்னால் போதாது, ரிமோட் அதை அரைச் செக்கனுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 3 செக்கன் சரியான செய்தி வராவிட்டால் கதவு மூடும், சிவப்பு லைட் எரியும். 'சரியான செய்தி' என்பது முக்கியம். இந்த மலிவு ரிசீவர்கள் ரிமோட் நின்ற பிறகும் வெறும் இரைச்சலைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஏதோ வருகிறது என்பதை நம்ப ஏலாது.

அதோடு முடிந்தது என்று பார்த்தால் அதே மகள், "மோட்டருக்கே கரண்ட் இல்லாட்டி யார் சேர் மூடுற?"

இப்போது கதவில் இரும்பு நட்டுகளைக் கட்டிப் பார்க்கிறார்கள். கியரின் உராய்வை மீறிக் கதவு தானாக விழவும் வேண்டும், அதே பாரத்தை அந்தச் சின்ன மோட்டர் தூக்கவும் வேண்டும். இரண்டு நட்டு போதவில்லை. நாளைக்கு நான்கு.