நரகத்தை யாருக்குச் சொல்வது?

அரியாங்குப்பத்துக் கத்தோலிக்க இல்லங்களில் மாலைதோறும் ஜெபமாலை சொல்லப்படுகிறது. ஒவ்வொரு பத்து மணிக்குப் பின்னும், நரக நெருப்பினின்று காத்தருள வேண்டும் என்ற மன்றாட்டு பச்சிளம் பிள்ளையின் வாயிலும் தடையின்றி வருகிறது. 1917இல் பாத்திமா நகரில் மூன்று சிறார் கற்றுக்கொண்ட மன்றாட்டு அது. ஆனால் அப்பிள்ளை ஞாயிறு மறையுரையில் நரகம் என்னும் சொல்லை ஒருமுறையேனும் கேட்டிருக்குமா என்பது ஐயமே. வீட்டில் நாள்தோறும் ஐந்துமுறை சொல்லப்படுவதைக் கோவிலில் குருக்களாகிய நாம் சொல்லத் தயங்குகிறோம்.

முன்னாளில் இத்தயக்கம் இருந்ததில்லை. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் முதல் வாரத்திலேயே நரகத்தை ஐம்புலன்களாலும் தியானிக்கச் சொல்கிறார். நெருப்பைக் காணவேண்டும், ஓலத்தைக் கேட்கவேண்டும், கந்தகத்தை முகரவேண்டும், கண்ணீரின் கசப்பைச் சுவைக்கவேண்டும், தழலைத் தொடவேண்டும். அவருடைய மக்களான சேசு சபைக் குருக்கள்தாம் புதுச்சேரியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் மறை வளர்த்தவர்கள். அக்கால மக்களுக்கு நெருப்பைக் கற்பனை செய்வதும் கடினமாயிருந்திராது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது அரியாங்குப்பம் கோட்டையில் வெடிமருந்து தீப்பற்றி வெடித்து, பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டுப் போன வரலாற்றை நாம் அறிவோம்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருந்தது. மறைபரப்பாளர் எடுத்தாண்ட ‘நரகம்’ நம் நாட்டில் முன்பே புழங்கிய சொல். புராணங்கள் கூறும் நரகங்கள் பல. அவற்றுள் விழுந்தவன் தன் வினைக்கேற்ற காலம் துன்புற்று, மீண்டும் பிறப்பெடுத்து வெளியேறுவான். எவ்வளவு கொடியதாயினும் அதற்கொரு வாசல் உண்டு. வாசலே இல்லாத நரகம் ஒன்றைத் தமிழனுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. தத்துவ போதக சுவாமிகள் என நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி மறுபிறப்பை மறுத்துத் தனி நூலே இயற்ற நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. வள்ளுவர் ஆளும் சொல்லோ ‘அளறு’. அதற்குச் சேறு என்பது பொருள். மழைக்காலத்தில் பாகூர் வயல்களில் காலூன்றியவர்க்கு அச்சொல் நெருப்பைவிட நன்றாகவே விளங்கும். சேற்றில் ஒருவன் சிறிது சிறிதாகத் தானே இறங்குகிறான்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய மடல் ஒன்று உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு மறை கற்பித்து, பின்னர் சப்பான் சென்று திரும்பியிருந்த வேளை அது. யமகூச்சி நகரத்துப் புதிய கிறிஸ்தவர்கள், திருமுழுக்கின்றி இறந்த தம் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் விடுதலை உண்டா, செபத்தாலும் தருமத்தாலும் அவர்களை மீட்கலாகாதா என்று கேட்டு அழுதார்களாம். வழியில்லை என்று விடையளித்த சவேரியார், மாற்றமுடியாத ஒன்றுக்காக அன்பு நண்பர்கள் அழக் கண்டு தாமும் வருந்தியதாக எழுதுகிறார். அவருடைய இறையியல் அவ்விடையைத் தந்தது. அவருடைய நெஞ்சு அதில் அமைதி காணவில்லை. அவ்வருத்தத்துக்குத் திருச்சபை பதிலளிக்க நானூறு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடுவோரும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் போதித்தது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளைப் பற்றிய நம்பிக்கையை 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் விரித்துரைத்தது.

அப்படியானால் நரகம் இல்லையா? உண்டு. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நரகம் உண்டென்றும் அது என்றுமுள்ளதென்றும் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. எவரையும் கடவுள் அதற்கென முன்குறிப்பதில்லை என்றும் உடன் உரைக்கிறது. நரகம் ஓர் இடம் என்பதைவிட, இறைவனை விட்டுத் தானே விரும்பி விலகியவனின் நிலை என்று 1999இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விளக்கினார். அது வெறுமையாய் இருக்கும் என நினைக்கவே விரும்புவதாக, தம் சொந்தக் கருத்தென்று சொல்லி, 2024இல் திருத்தந்தை பிரான்சிஸ் தொலைக்காட்சியில் கூறியபோது சிலர் முகம் சுளித்தனர். நமக்கு அதில் குறை தெரியவில்லை. புனிதர் என்று திருச்சபை பலரை அறிவித்திருக்கிறது. நரகத்தில் இருப்பவர் என்று ஒருவரையும் அறிவித்ததில்லை, யூதாசு உட்பட.

ஆயினும் இன்னார் போய்விட்டார் என்று ஊர் சொல்லும் சாவு ஒன்று இங்கே உண்டு. தற்கொலை விகிதம் மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்றாகப் புதுச்சேரி தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பன்முறை இடம்பெற்றுள்ளது. பூச்சிமருந்து குடித்து இறந்த மகனை அடக்கம் செய்து எட்டாம் நாள் ஒரு தாய் நம்மிடம் வந்தார். “சாமி, எம்புள்ள எங்க இருக்கான்?” என்ற ஒரே கேள்வி. அண்டை வீட்டார் ஒருவர் அதற்கு முன்பே விடை சொல்லிவிட்டிருந்தார். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, மனமறிந்து தம் உயிரை மாய்த்தவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. கடும் மனவேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், தாம் மட்டுமே அறிந்த வழிகளில் இறைவன் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பைத் தரக்கூடும் என்றும் மறைக்கல்வி நூல் சொல்கிறது. இவையெல்லாம் அந்தத் தாய்க்கு எதற்கு? “அம்மா, அவன் கைவிடப்பட்ட இடத்தில் இல்லை என்று நம்பித்தான் நாளைப் பூசையை அவனுக்காக ஒப்புக்கொடுக்கிறோம்” என்றோம். அவர் சற்று நேரம் நின்றார். பூசைக்கு எவ்வளவு காணிக்கை என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

அண்டை வீட்டார் செய்தது தனிப்பட்ட பிழையன்று. நரகத்தை அடுத்தவருக்கென்று எழுதிவைப்பது பழைய வழக்கம். நற்செய்தியிலோ நிலைமை நேர்மாறு. எருசலேமுக்கு வெளியே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கு, ஒரு காலத்தில் பெற்றோர் தம் பிள்ளைகளையே நெருப்பில் பலியிட்ட இடம். எரேமியா அதைக் கடிந்தார். அப்பள்ளத்தாக்கின் பெயரைத்தான் இயேசு நரகத்துக்கு வைக்கிறார். யாரிடம்? வரிதண்டுவோரிடமோ விலைமாதரிடமோ அன்று. சிறியோரை இடறச் செய்பவருக்கும், மறைநூல் அறிஞர், பரிசேயருக்கும் அதைச் சொல்கிறார். இலாசர் உவமையில் செல்வன் யாரையும் அடித்ததாக இல்லை. வாசலில் கிடந்தவனைப் பாராதிருந்தான். இருவருக்கும் நடுவே மண்ணுலகில் அவன் விட்டுவைத்த இடைவெளியே மறுவுலகில் கடக்கவொண்ணாப் பிளவாயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கென எழுப்பப்பட்ட சுவரைக் கண்டவர்களுக்கு அப்பிளவைப் பற்றி விளக்கவுரை தேவைப்படாது.

நரகப் பிரசங்கத்தில் நடுங்குபவர் யார் என்று கோவிலில் உற்றுநோக்கினால் தெரியும்: குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண், அற்பப் பொய்யைப் பலமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் முதியவர், இருட்டில் உறங்க அஞ்சும் சிறுவன். வட்டிக்கு வட்டி வாங்குபவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். சாராயக்கடையில் இருப்பவர் கேட்கவே வரமாட்டார். ஆதலால் மேடையிலிருந்து நரகத்தை நீக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது போய்ச் சேரவேண்டிய முகவரியைத் திருத்தவேண்டும் என்கிறோம். ஏழையின் நிலத்தை எழுதி வாங்கியவனிடம் இறைவனின் இரக்கத்தை மட்டுமே பேசுவது, அந்த ஏழைக்கு இரக்கமற்ற செயல்.

இலாசர் உவமை ஞாயிறு வாசகமாக மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. தவக்காலத்தில் ஆண்டுதோறும் வருவது இரண்டாம் வார வியாழக்கிழமை. விடியற்காலைப் பூசை அது. பெரும்பாலும் வயதான தாய்மார் எட்டுப்பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுள் ஒருவர் வாசலில் கையேந்துபவர்.