தாம்பாளத்தில் ஒரு கோலம்

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பரபரப்பு ஆரம்பித்துவிடும். கோல நோட்டைத் தேடும் பரபரப்பு! போன வருஷக் கோலத்தையே இந்த வருஷமும் போட்டால் எதிர்வீட்டு மாமி என்ன நினைப்பாள்? "புதுசாக ஏதாவது இருக்கிறதா?" என்று அக்கா கேட்க, தங்கை கைப்பேசியைத் தட்டுகிறாள். எங்கோ ஒருவர் போட்ட மயில், மறுநாள் காலையில் நம் தெருவில் ஐந்து வாசலில் ஒரே மாதிரி தோகை விரித்து நிற்கிறது!

சகோதரிகளே, அவ்வளவு தூரம் போவானேன்? சமையலறைப் பரண் வரை ஏறினால் போதும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்த ஊர் அன்னவாசல்.

புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் அன்னவாசலுக்குச் சற்று முன்பே சித்தன்னவாசல் குன்று வந்துவிடும். அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. போகிறவர்கள் எல்லோரும் தாமரைக் குளத்தைத்தான் தேடுகிறார்கள். தேட வேண்டியதுதான். மீனும் அன்னமும் யானையும் எருமையும், தண்ணீரில் இறங்கிப் பூப்பறிக்கும் மனிதர்களுமாக அது கண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் கருவறைக்குள் அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே மேல்தளத்தில் கரைக்கோடுகள் போட்டு, சதுரமும் வட்டமுமாக ஒரு சித்திரம். சதுரத்துக்குள் தாமரை, வட்டத்துக்குள் கூட்டல் குறி போன்ற ஒரு வடிவம். பெரும்பகுதி உதிர்ந்தும் மங்கியும் போய்விட்டது. மிச்சத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சிறிது நேரம் பார்த்தால் விஷயம் புரிகிறது. இது துணி! கல்யாண வீட்டிலும் கோயிலிலும் தலைக்கு மேலே கட்டுகிறோமே, அந்த விதானத் துணி! பாறையைக் குடைந்த இடத்தில் துணி கட்ட முடியாது. ஓவியன் தன் காலத்து வீடுகளில் கண்ட துணியைச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவியும் கரியுமாக எழுதி வைத்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துத் துணி எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. அதன் கரையும் கட்டமும் மாத்திரம் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த நினைப்போடு அன்னவாசலில் எனக்குத் தெரிந்தவர்களின் உறவினர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பித்தளைப் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அவை எடைக்குப் போகின்றனவாம். மருமகள் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புளி போட்டுத் தேய்த்துக் கை சிவந்தவள் அவள். பித்தளை தேய்க்காதவர்கள்தான் பித்தளையின் பெருமையை அதிகமாகப் பேசுவார்கள்!

அந்தக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, கல்லூரியில் படிக்கும் பேத்தி என்னவோ செய்துகொண்டிருந்தாள். ஒரு தாம்பாளத்தின் மேல் மெல்லிய காகிதத்தைப் போட்டு, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கிறாள். காகிதத்தில் ஒரு பூ எழும்பி வருகிறது! பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள் அல்லவா, உளியால் பொட்டுப் பொட்டாக? அதே கையால் பெயருக்குப் பக்கத்தில் வெட்டிய எட்டு இதழ்ப் பூ.

"என்னத்தா பண்றே?" என்று கேட்டுக்கொண்டு அப்பத்தா வந்தார்.

"பூவை எடுத்துக்கிறேன் அப்பத்தா."

"எடுத்துக்க, எடுத்துக்க. எங்க அய்யா சொல்லி வெட்டின பூவு அது. சீர் எடுக்கப் போனப்ப, கடையிலேயே நின்னு வெட்டச் சொன்னாரு."

இதற்குள் பேத்தி ஓமப்பொடி அச்சையும் தேய்த்திருந்தாள். உள் வட்டம், வெளி வட்டம் என்று அதன் துளைகள் காகிதத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தன. புள்ளி வைக்கும் சிரமம் மிச்சம்! பரணிலிருந்து இறங்கிய ஓலைப்பெட்டிக்கு வேறு வழி. அதன் பின்னலைத் தேய்த்தால் சரியாக வராது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஓர் ஓலை மேலே வந்தால் கட்டத்தைக் கறுப்பாக்கி, கீழே போனால் வெறுமையாக விட்டு, வரிசை வரிசையாக எண்ணி இறக்கினாள். இந்த மேலும் கீழுமான ஓட்டம்தானே நம் சிக்குக் கோலத்திலும் இருக்கிறது!

கொஞ்சம் தள்ளிக் காரைக்குடிப் பக்கம் போனால் இந்தச் செல்வத்துக்குக் குறைவே இல்லை. சாயம் ஏற்றிய பனை ஓலைக் கொட்டான், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் கட்டம், கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல் என்று எதைத் தொட்டாலும் கோலம்.

தாம்பாளத்துப் பூவை வாசலுக்குக் கொண்டுவருவதில்தான் பேத்திக்குத் திண்டாட்டம். எட்டு இதழும் வட்டமாக நிற்கின்றன. புள்ளியோ வரிசையில் நிற்கிறது. அழித்து அழித்துப் போட்டாள். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "பதினஞ்சு வச்சு, இடைப்புள்ளி எட்டு வரைக்கும் எறக்கு" என்றார்.

அப்படி வைத்தால் ஆறு பக்கம் வரும். பேத்தி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு இதழ்தானே வரும் அப்பத்தா?" என்றாள்.

"வரட்டுமே. ரெண்டு இதழ் கொறைஞ்சா பூவு கோவிச்சுக்குமா?"

ஆறு இதழ்ப் பூ அழகாகத்தான் வந்தது. எதிர்வீட்டில் ஒருத்தி விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

நீங்களும் முயன்று பார்ப்பதானால் ஒன்று சொல்கிறேன். பென்சில் முனையால் அழுத்தாதீர்கள், காகிதம் கிழியும். எடுத்த படத்தின் பின்னால், எந்தப் பாத்திரம், யார் சீராகக் கொண்டுவந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பெயர் வெட்டிய பாத்திரம் உருக்குக்குப் போனால், பூவோடு அந்தப் பெயரும் போகிறது.

அப்பத்தாவின் தாம்பாளம் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமையே எடைக்குப் போய்விட்டதாம். தூக்கும் சேவை நாழியும் மட்டும் இன்னும் பரணில் இருக்கின்றன. அவற்றில் இருப்பதையும் எடுத்து வைக்கச் சொல்லிப் பேத்திக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.